மனத்துக்கு ஒரு தலையணை

நம்முடைய பத்திரிகைகளில் வரும் ஹாஸ்யத் துணுக்குகளில் மறதிக்காரக் கிழவருக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட மூக்குக் கண்ணாடியை வீடு முழுவதும் தேடுவார். கடை வாசலில் போய் நின்றுகொண்டு எதை வாங்க வந்தோம் என்று யோசிப்பார். பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் துணுக்குகள் யாவும் வெளியே நின்று பார்க்கிறவன் எழுதியவை. தேடுகிற கிழவருடைய மனசுக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

மறந்துபோவது ஒரு கஷ்டம். மறந்துகொண்டு வருகிறோம் என்று தமக்கே தெரிந்திருப்பது வேறொரு கஷ்டம். முதல் கஷ்டம் அவ்வப்போது வந்து போகும். இரண்டாவது, விழித்திருக்கும் நேரமெல்லாம் கூடவே உட்கார்ந்திருக்கும். வயதான காலத்தின் சுகத்தைக் கெடுப்பதில் இந்த இரண்டாவதுதான் பெரிய பங்கு வகிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சரித்திரத்தில் பெயர் பெற்ற ஒரு மனிதர் இந்த இரண்டாவது கஷ்டத்தோடு ஏறக்குறைய முப்பது வருஷம் வாழ்ந்தார். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் பழைய காலத்துப் பெரியவர் ஒருவருடைய அபிப்பிராயத்தைப் பார்த்துவிடலாம். ரோமாபுரியின் சிஸரோ கி.மு. 44-ல், தமது அறுபத்திரண்டாவது வயதில், முதுமையைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். எண்பத்து நாலு வயதான கேட்டோ என்ற கிழவர் இரண்டு வாலிபர்களோடு பேசுவதாக அந்தப் புஸ்தகம் அமைந்திருக்கிறது. முதுமையில் ஞாபகம் குறைகிறதே என்ற புகாருக்குக் கேட்டோ பதில் சொல்கிறார்: பழக்கம் விட்டுப் போனாலோ, பிறவியிலேயே மந்தமாக இருந்தாலோதான் குறையும், புதைத்து வைத்த பணத்தின் இடத்தை மறந்துபோன கிழவன் ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை என்கிறார். நாடகாசிரியர் ஸோபோக்கிளிஸின் பிள்ளைகள், அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நியாயஸ்தலத்துக்கு இழுத்தபோது, அவர் தாம் அப்போது எழுதியிருந்த நாடகத்தையே எடுத்து நீதிபதிகளுக்குப் படித்துக் காட்டி ஜயித்தார் என்ற கதையும் அதில் வருகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. ஞாபகம் போயிற்றென்றால் நீ உழைக்கவில்லை, பயிற்சியை விட்டுவிட்டாய் என்று அர்த்தமாகிறது. உழைப்பை ஒருநாளும் விடாத மனிதனுக்கும் ஞாபகம் போகக்கூடும் என்பதற்கு லண்டனில் வாழ்ந்த மைக்கேல் பாரடே சாட்சி.

பாரடேயின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். 1791-ல் பிறந்தவர். தகப்பனார் கொல்லர், ஏழைக் குடும்பம். பையனைப் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழக விட்டார்கள். கட்ட வந்த புஸ்தகங்களையே படித்து அவன் அறிவு வளர்ந்தது. 1812-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற விஞ்ஞான ஸ்தாபனத்தில் ஹம்ப்ரி டேவி செய்த பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து, 386 பக்கம் வரும்படி திருத்தி எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினான். அடுத்த வருஷம் அந்த ஸ்தாபனத்தில் உதவியாளனாக வேலை கிடைத்தது. 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்கும் வழியைக் கண்டு பிடித்தார். இன்று நம் வீட்டில் எரியும் விளக்குக்கு அதுதான் மூலம். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது.

தெரியாத பகுதி 1839-ன் கடைசியில் ஆரம்பமாகிறது. அப்போது பாரடேக்கு வயது நாற்பத்தெட்டு. தலை சுற்றல், அசதி, அவற்றோடு மறதி. டாக்டர் லேதம் என்பவர் பார்த்து, வேலையைக் குறைக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நாலைந்து வருஷங்களில் பெரிய ஆராய்ச்சி அநேகமாக இல்லை. 1841-ல் மனைவி ஸாராவும் மைத்துனரும் அவரை ஸ்விட்ஸர்லாந்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நடந்த ஒரு விஷயம் ஆச்சரியமானது. தலைதான் சரியில்லையே தவிர உடம்பு இரும்பாக இருந்தது. ஒரு நாள் மலைக் கணவாயைத் தாண்டி நாற்பத்தைந்து மைல் நடந்திருக்கிறார்! அந்தப் பிரயாணத்தின்போது இன்டர்லாகன் ஊரில் ஆணி அடிக்கும் பட்டறையைப் பார்த்துவிட்டு, கொல்லுப் பட்டறை என்றால் தமக்கு எவ்வளவு பிரியம் என்றும், தம் தகப்பனார் ஒரு கொல்லர் என்றும் தினக்குறிப்பில் எழுதிவைத்தார். நேற்றுப் படித்தது நிற்காத மனத்தில், நாற்பது வருஷத்துக்கு முந்திய உலைக்களத்தின் சத்தம் அப்படியே இருந்திருக்கிறது. வயதானவர்களோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த நோய்க்குக் காரணம் என்ன? ஆராய்ச்சிச் சாலையில் பாதரசத்தின் ஆவியைச் சுவாசித்ததுதான் என்று பின்னால் சிலர் ஊகித்தார்கள். ஓய்வில்லாத உழைப்பு என்றார்கள் வேறு சிலர். இத்தனை காலம் கழித்து நாடி பிடித்துப் பார்க்க முடியாது. நமக்கு முக்கியம், அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்பது.

பாரடே பைண்டிங் கடையில் வளர்ந்தவர் அல்லவா? எழுதிக் கட்டி வைத்தால்தான் ஒரு விஷயம் நிலைக்கும் என்பது சிறு வயதிலேயே அவருக்குப் படிந்த பழக்கம். ஆராய்ச்சிச் சாலையில் செய்வதையெல்லாம் அன்றன்றைக்கே எழுதிவைப்பார். 1832-ல் தொடங்கி, ஒவ்வொரு பத்திக்கும் வரிசையாக எண் கொடுத்தார். வருஷம் மாறினாலும் எண் மாறாது. தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 1860-ல் அந்த எண் 16,041-ல் நின்றது. ஞாபகத்தை நம்பாமல், எண்ணைச் சொன்னால் பக்கத்தைப் புரட்டி எடுத்துக்கொள்ளும்படி தம் மூளைக்கு வெளியே இன்னொரு மூளையைக் கட்டிக்கொண்டார் என்று சொல்லலாம்.

அந்த வெளி மூளை பலன் கொடுத்தது. நோயிலிருந்து சற்றுத் தேறி 1845-ல் மறுபடி வேலையில் இறங்கினார். பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் தாமே உருக்கிச் செய்திருந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். அதன் வழியே ஒளியைச் செலுத்திப் பக்கத்தில் காந்தத்தை வைத்தார். செப்டம்பர் 13-ந் தேதி, ஒளிக்கும் காந்த சக்திக்கும் சம்பந்தம் உண்டு என்பது ருசுவாயிற்று. அந்தச் செய்தி 7,504 என்ற எண்ணுள்ள பத்தியில் இருக்கிறது. உலகத்திலுள்ள சாதாரணப் பொருள்களில் எத்தனையோ காந்தத்தால் மெல்லத் தள்ளப்படுகின்றன என்பதையும் அதே வருஷம் கண்டார். ஞாபகம் போய்விட்டது என்று தாமே முடிவு கட்டிய பிறகு ஒருவர் செய்த காரியம் இது!

ஆனால் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, மனம் வைத்தால் எல்லாம் முடியும் என்று உபதேசம் செய்துவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். சில வருஷம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆறு வாரம் பாடுபட்டு ஓர் ஆராய்ச்சியைச் செய்து முடித்தார். பிறகு பழைய குறிப்புகளைப் புரட்டினார். அதே ஆராய்ச்சியை எட்டு ஒன்பது மாதத்துக்கு முன்பே தாம் செய்து, அதே முடிவுகளையும் எழுதி வைத்திருப்பது கண்ணில் பட்டது! செய்த நினைவு துளிக்கூட இல்லை. இதை ஒரு கடிதத்தில் எழுதும்போது, உழைப்பு வீணானது பற்றித் தமக்கு வருத்தமில்லை, மறந்துபோனதுதான் உறுத்துகிறது, ஞாபகமில்லாத உழைப்பினால் என்ன பிரயோஜனம் என்கிறார். எண் போட்ட புஸ்தகம் எல்லாவற்றையும் காப்பாற்றும். அந்தப் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஞாபகத்தை அது காப்பாற்றாது.

ஓஸோன் வாயுவைக் கண்டுபிடித்த ஷோன்பைன் என்பவர் பாஸல் நகரத்தில் இருந்தார். பாரடேக்கு உயிர் நண்பர். அவருக்கு எழுதிய கடிதங்களில் பாரடே தம் மறதியை மறைக்கவே இல்லை. ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் அதன் ஆரம்பம் மறந்துபோகிறது, கை சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது என்று 1840-களிலேயே எழுதுகிறார். விஞ்ஞானிக்கு விஞ்ஞானி எழுதும் கடிதத்தில் இப்படி ஒரு வரி எழுதச் சாமானியமான தைரியம் போதாது. புகழ் பெற்றவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஊர் முழுவதும் ஒருவனைப் பெரிய அறிவாளி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, தன் அறிவு கரைவதை அவன் ஒப்புக்கொள்வது லேசான விஷயமா?

அவர் ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. எதை எப்போது விட வேண்டும் என்று தாமே ஒரு வரிசை வகுத்துக்கொண்டார். 1857-ல் ராயல் ஸொஸைட்டியின் தலைவர் பதவியை ஏற்கச் சொல்லி அதன் அங்கத்தினர்கள் வந்து மன்றாடினார்கள். இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானிக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. பாரடே மறுத்தார். கடைசி வரைக்கும் வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருந்துவிடுகிறேன் என்றும், அந்தப் பொறுப்பை ஏற்றால் ஒரு வருஷத்துக்குக்கூடத் தம் புத்தி பழுதில்லாமல் இருக்கும் என்று உத்தரவாதம் சொல்ல முடியாது என்றும் டிண்டாலிடம் தெரிவித்தார். அதே வருஷத்தில் மாக்ஸ்வெல் என்ற இளம் கணித மேதைக்குக் கடிதம் எழுதி, உங்கள் கணக்கின் முடிவுகளை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் சாதாரண பாஷையில் சொல்ல முடியாதா என்று கேட்டார். பதவி வேண்டாம் என்றவருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை மட்டும் விடவில்லை.

1858-ல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் வசிக்க ஒரு வீடு கொடுத்தாள். குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் செய்து வந்த பிரசங்கங்களை மட்டும் சீக்கிரம் விட அவருக்கு மனம் வரவில்லை. 1860-61-ல், ஏறக்குறைய எழுபது வயதில், ஒரு மெழுகுவத்தி எரிவதை வைத்துக்கொண்டு ரஸாயன சாஸ்திரம் முழுவதையும் விளக்கிச் சொன்னார். அந்தப் பிரசங்கங்கள் புஸ்தகமாகி இன்றும் படிக்கப்படுகின்றன. கையில் ஒரு மெழுகுவத்தி, எதிரே குழந்தைகள். பல வருஷம் பழகிய பாதை. அதில் அவர் கால் இடறவில்லை. ஆயினும் அதுவே கடைசி என்று அவர் தீர்மானித்துவிட்டார். 1861 அக்டோபரில் ஸ்தாபனத்துக்கு எழுதி, அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1862 மார்ச்சில் கடைசி ஆராய்ச்சி. சுடரிலிருந்து வரும் ஒளியைப் பிரித்தால் தெரியும் கோடுகளைக் காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1896-ல், ஹாலந்தில் ஸீமன் என்பவர் இன்னும் நுட்பமான கருவிகளோடு அதே பரிசோதனையைச் செய்தார். கோடுகள் மாறின. அதற்காக அவருக்கு 1902-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பாரடே இதை முயன்று பார்த்தார் என்று படித்ததுதான் தமக்கு ஊக்கம் கொடுத்தது என்று ஸீமனே சொல்லியிருக்கிறார். எழுபது வயதுக் கிழவரின் ஞாபகம் கலைந்திருந்தது. ஆனால் இயற்கையிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற வாசனை அவருக்கு அப்போதும் தெரிந்திருந்தது.

அதே வருஷம் ஜூன் 20-ந் தேதி பெரியவர்களுக்கான கடைசிப் பிரசங்கம். அதற்காக அவர் எழுதிவைத்த குறிப்பின் முடிவில், தாம் ஏன் விலக வேண்டும் என்பதற்குக் காரணங்களை எண் போட்டு எழுதியிருக்கிறார். சொல்ல வேண்டியதில் தமக்கே தயக்கம் வந்துவிட்டது. முன்பு சேர்த்துவைத்த அறிவை இப்போது எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எது சரி, எது கௌரவம் என்று தமக்குத் தாமே வைத்திருந்த பழைய அளவுகோல்கூட மங்குகிறது. பிறருக்குச் செய்ய வேண்டிய நியாயத்தைச் செய்ய இயலவில்லை. ஆகவே ஓய்வு. தினக்குறிப்பின் பத்திகளுக்கு எண் போட்ட அதே கை, தன் தேய்வுக்கும் எண் போட்டது. காந்தத்தையும் கண்ணாடியையும் பார்த்தது போலவே தம்மையும் தள்ளி வைத்துப் பார்த்தார்.

அந்தச் செப்டம்பரில் ஷோன்பைனுக்குக் கடைசிக் கடிதம் போயிற்று. திரும்பத் திரும்ப எழுதிக் கிழிக்கிறேன், எழுதுவதெல்லாம் அர்த்தமில்லாமல் இருக்கிறது, இனி எழுதவில்லை, என் அன்பு உங்களுக்கு என்பது அதன் சாரம். கண்ணில் நீர் வராமல் இதைப் படிக்க முடியாது. ஆனால் இதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திடீரென்று கடிதம் நின்றுபோய், நண்பருக்கு என்ன ஆயிற்றோ, கோபமோ என்று ஷோன்பைன் குழம்பும்படி அவர் விடவில்லை. விடை பெற்றுக்கொண்டுதான் நிறுத்தினார்.

இவ்வளவு துன்பத்தையும் தாங்க அவருக்கு எது துணையாக இருந்தது? அவருடைய மதபக்தி என்பார்கள். அது உண்மை. சிறிய கிறிஸ்தவ சபை ஒன்றில் ஆழ்ந்த பிடிப்புள்ளவர் அவர். ஆனால் அவரே எழுதிய இன்னொரு பதிலும் இருக்கிறது. 1863 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரத்திலிருந்து மனைவிக்கு எழுதுகிறார். தலையும் நிரம்பியிருக்கிறது, நெஞ்சும் நிரம்பியிருக்கிறது; ஆனால் இதே அறையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் யார் என்பதுகூட நழுவிப் போகிறது; உன் பழைய உத்தியோகத்தை நீ மறுபடி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்: என் மனத்துக்குத் தலையணையாக இரு என்கிறார். கல்யாணமாகி அப்போது நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை.

தலையணை என்ற வார்த்தையை அவர் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்! தலையணை பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை. மறந்ததை நினைவுபடுத்திப் பரீட்சை வைப்பதில்லை. கனக்கிற தலையை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஸாரா விஞ்ஞானம் படித்தவள் அல்ல. அவருடைய ஆராய்ச்சி அவளுக்கு வேண்டியதாகவும் இல்லை. அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதை மட்டும் அவள் அறிந்திருந்தாள். ஆனால் தலையணைக்கும் தேய்வு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அவளும் வயதாகித் தள்ளாமை அடைந்திருந்தாள். கடைசி வருஷங்களில் ஜேன் பார்னார்டு என்ற உறவுப் பெண் கூடவே இருந்து இருவரையும் கவனித்துக்கொண்டாள். பெரிய மனிதர்களின் அமைதியான முதுமைக்குப் பின்னால் இப்படிச் சரித்திரத்தில் ஒரு வரி மட்டும் பெறும் பெண்கள் இருக்கிறார்கள்.

பிறகு மிச்சமிருந்த பொறுப்புகளும் ஒவ்வொன்றாக இறங்கின. 1865-ல் கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையையும் விட்டார். ஹாம்ப்டன் கோர்ட் வீட்டின் ஜன்னலருகே உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடி மின்னலோடு மழை வந்தால் குழந்தையைப் போல் சந்தோஷப்படுவார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவரிடம், காத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். 1867 ஆகஸ்டு 25-ந் தேதி நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது.

இவரைப் போல் வேறு பெரியவர்களும் உண்டு. ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட், ஞாபகம் குறைந்தபோது துண்டுக் காகிதங்களில் எழுதிவைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் கூட இருந்த லாம்பே என்ற வேலைக்காரனை 1802-ல் அனுப்பிவிட்ட பிறகு, அவன் பெயரே வாயில் வந்துகொண்டிருந்ததால், லாம்பே என்ற பெயரை இனி அடியோடு மறந்துவிட வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தாராம்! மறக்க வேண்டியதை மறக்க முடியாமல் போவதும் முதுமையின் விளையாட்டுத்தான். அமெரிக்காவில் எமர்ஸனுக்குப் பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தவரிடம், புத்தியை இழந்துவிட்டேன், மற்றபடி பரம சௌக்கியம் என்றார். அவர் பிரசங்கம் செய்யும்போது மகள் எல்லன் கூட இருந்து காகிதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். எமர்ஸனுடைய அந்தப் பதிலில் சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு எல்லன் ஆதாரமாக இருந்தாள்.

இன்றைய வைத்திய ஆராய்ச்சி, தமக்கே உணர்வாகும் இந்த மறதியைத் தனியாக எடுத்துக்கொண்டு பார்க்கிறது. பரீட்சை வைத்தால் வயதுக்கு ஏற்றபடி சரியாகவே விடை சொல்கிறவர்களில்கூடப் பலர், முன்போல் இல்லை என்று சொல்கிறார்கள். பிற்காலத்தில் பெரிய மறதி நோய் வரும் சாத்தியம் இவர்களுக்குச் சற்று அதிகம். ஆனாலும் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. மனச்சோர்வு, தூக்கக் குறைவு, காது மந்தம், சாப்பிடும் சில மருந்துகள் என்று சரிசெய்யக் கூடிய காரணங்களும் அடியில் இருக்கலாம். ஆகையால் டாக்டரிடம் சொல்லிப் பார்ப்பதே நல்லது. இன்னொன்றும் சொல்கிறார்கள். வயதானவர் தம் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று நினைப்பது, பரீட்சையில் எத்தனை மார்க்கு வாங்குகிறார் என்பதைக் காட்டிலும், அந்த மறதியைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார், மனம் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறதாம். பாரடேயின் கடிதங்களைப் படித்தவர்களுக்கு இது நம்பக் கூடியதுதான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எனக்கு முன்போல் ஞாபகம் இல்லையடா என்று ஒரு பெரியவர் சொன்னால், அதெல்லாம் ஒன்றும் இல்லை, நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவர் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடைபட்டுப் போகிறது. அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார். பெட்டியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்வார். பெயர் வராத இடத்தில் சிரித்து மழுப்புவார். கொஞ்ச நாளில் பேச்சையே குறைத்துக்கொள்வார். மறதி பிரித்ததைவிட மறைப்பு அதிகமாகப் பிரித்துவிடும்.

பாரடே ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. மறந்துபோகிறது என்று மனைவிக்கு எழுத முடிந்தது, நண்பருக்கு எழுத முடிந்தது, வேலை கொடுத்த ஸ்தாபனத்துக்கும் எழுத முடிந்தது. அவர்களில் ஒருவரும் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று வாயை அடைக்கவில்லை. குழந்தைகளுக்கான பிரசங்கத்தை விடுகிறேன் என்றபோது ஸ்தாபனத்தார் அதை ஏற்றுக்கொண்டு, அவரை மட்டும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். சுமையை இறக்கி வாங்கிக்கொண்டு மனிதரை விடாமல் வைத்துக்கொள்வது: வயதானவர்களுக்கு நாம் செய்யக்கூடியதும் இதற்கு மேல் அதிகம் இல்லை.